எருக்கந்தொட்டிகள்

கார் நிறுத்த இடம் வேண்டும் என்று மடத்தின் அறங்காவலர்கள் பின்பக்கத்து எருக்கம்புதரை வழித்துவிட்டார்கள். எருக்கு நிற்பது மடத்துக்கு ஆகாது என்றும் அவர்களில் ஒருவர் சொன்னார். மண் அள்ளும் இயந்திரம் ஒரே பகலில் வேலையை முடித்தது. மறுநாள் வெந்தய நிற வண்ணத்துப்பூச்சிகள் வந்து வெறும் செம்மண்ணின் மேல் தாழ்ந்து தாழ்ந்து பறந்தன. எருக்கிலைதான் அவற்றின் புழுக்களுக்குச் சாப்பாடு. முட்டையிட ஓர் இலை இல்லை.

நல்லபெருமாள் அவற்றைக் கவனிக்கவில்லை. அவர் மடத்துத் தலைவியான அம்மையின் முன்னால் காவி கேட்டு நின்றுகொண்டிருந்தார்.

அம்மை அவரைவிட வயதில் இளையவர். முன்பு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். மடம் கைக்கு வந்த பிறகும் பேச்சு மாறவில்லை. ஊசி போடுமுன் சொல்வதுபோல நாலு சொல்தான்.

"இரும்புக் கடையை மகன்கிட்ட கொடுத்தாச்சு. வீட்டையும் விட்டாச்சு. இன்னும் என்ன குறை அம்மா?"

அம்மை ஜன்னல் வழியே வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்தார்.

"அதுகளோட புழுவுக்கு எருக்கு வளத்துக் குடுங்க. தொட்டியில. பொறவு பேசுவோம்."

நல்லபெருமாள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. பழைய பெயிண்ட் டிரம்களை வரவழைத்து அடியில் ஓட்டை போட்டார். எருக்கைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது என்று கேள்விப்பட்டு, காய் வெடித்துப் பறந்த பஞ்சைத் துரத்திப் பிடித்து விதை சேர்த்தார். முதலில் போட்டவை தண்ணீர் கூடி வேரழுகிச் செத்தன. பிறகு ஆற்றுமணலைக் கூட்டி, மேல்மண் காய்ந்தால் மட்டுமே ஊற்றினார். செடிகள் இடுப்புயரம் வந்தன. இலைகள் சாம்பல் பூசியதுபோலத் தடித்து நின்றன. மடத்துக்கு வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவருக்குப் பெருமையாக இருந்தது.

வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. சில நாளில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியோடிய புழுக்கள் இலையைக் கடிக்கத் தொடங்கின.

"ஓட்டை விழுந்துட்டே" என்றார் அம்மை. அவர் சிரித்து நல்லபெருமாள் பார்த்தது அன்றுதான்.

அந்த வாரம் மனைவியின் தம்பி இசக்கிமுத்து வந்தான். வெயிலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு அத்தான். டாக்டர் கைவிரிச்சிட்டாரு."

"பணம் வேணுமா?"

"பணம் யாரு கேட்டா? வந்து பக்கத்துல இருக்கச் சொல்லுதா. வேற ஒண்ணும் வேண்டாமாம்."

"இப்ப வந்தா மனசு கலைஞ்சிரும்ப்பா. இத்தனை நாள் இருந்தது வீணாப் போயிரும். காவி வாங்கிட்டு வாரேன்."

இசக்கிமுத்து தொட்டிகளைப் பார்த்தான். "செடி வளக்கியளாக்கும். வீட்டுல ஒரு துளசிக்குத் தண்ணி ஊத்துனதில்லை நீங்க."

அவன் போன பிறகு நல்லபெருமாள் அம்மையிடம் போய்ச் சொன்னார். அம்மை போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

"நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார்.

அது சோதனை என்று நல்லபெருமாள் நினைத்தார். நாலு மணிக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தார். ரோட்டில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. தேறிவிட்டோம் என்று தோன்றியது.

அதன்பின் செடிகளில் அசுவினிப் பூச்சி பிடித்தது. தண்டு தெரியாமல் மஞ்சள் மஞ்சளாக அப்பிக்கொண்டது. குருத்து சுருண்டது. போதாததற்குப் புழுக்கள் தின்று இலைகள் சல்லடையாகிவிட்டன. இந்தக் கோலத்தில் செடிகளைக் காட்டி எப்படிக் காவி கேட்பது? விரலால் வழித்துவிடலாம் என்று சமையற்காரர் சொன்னார். அவ்வளவு பொறுமை நல்லபெருமாளுக்கு இல்லை. புகையிலையை ஊறப்போட்டு, வடிகட்டி, கஷாயத்தை இலையின் மேலும் கீழும் தெளித்தார்.

அசுவினி உதிர்ந்தது. புழுக்கள் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டின. பச்சையாக எதையோ கக்கின. சாயங்காலத்துக்குள் கறுத்துத் தொங்கின. கூடு கட்டத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றும் அப்படியே வற்றியது. நல்லபெருமாள் எல்லாவற்றையும் வழித்து மண்ணுக்குள் அமுக்கினார். கடித்த இலைகளைக் கிள்ளி எறிந்தார்.

செடிகள் மறுபடி துளிர்த்தன. முன்னைவிடச் செழிப்பாக. வண்ணத்துப்பூச்சிகள் அந்தப் பக்கம் வரவில்லை.

இசக்கிமுத்து திரும்ப வந்தபோது செருப்பில்லாமல் இருந்தான்.

"முடிஞ்சிட்டு அத்தான்."

நல்லபெருமாள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசிவரைக்கும் வாசலைப் பாத்துக் கட்டிலைப் போடச் சொன்னா" என்றான் அவன். "எடுக்கதுக்குள்ள வரணும்னா ஆட்டோ நிக்கி. இல்லைன்னாலும் சரிதான்."

"இரு. அம்மையைப் பாத்துட்டு வாரேன்."

உள்ளே போய் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண் காய்ந்திருந்தது. அது அவருக்கே தெரிந்தது.

"இனி எனக்குன்னு யாரும் இல்லை அம்மா. என் சம்சாரம் போயிட்டா. அழுகை வரலை. எல்லாம் விட்டுப்போச்சு. செடியும் தயாரா நிக்குது. இப்பவாவது குடுங்க."

அம்மை எழுந்து வெளியே வந்தார். வார்டில் ஒவ்வொரு கட்டிலாக நின்று பார்ப்பதுபோல ஒவ்வொரு தொட்டியாக நின்றார். ஓர் இலையைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது.

"புழு எங்க?"

"செடியைக் காப்பாத்த வேண்டியிருந்தது அம்மா."

அம்மை கடைசித் தொட்டிக்கு வந்து, ஒரு பெரிய இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு ஓட்டைகூட இல்லையே, நல்லபெருமாள்" என்றார்.