ஐந்தாவது கம்பி

மிக்கேல்ராஜ் வாயைத் திறந்தால் ஆகாசப்புளுகுதான். ஆனால் தூத்துக்குடி வட்டாரத்தில் அவனைப்போல பேஸ் கிட்டார் வாசிக்க ஆளில்லை. அதனால் இசைக்குழுத் தலைவி எமல்டா பத்து வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் சவேரியார் கோயில் திருவிழாக் கச்சேரி. முதல் பாட்டு பேஸ் மட்டும் தனியாகத் தொடங்கும். இவனோ பழைய நாலு கம்பி கிட்டார் கழுத்து வளைந்துபோனதால், மச்சான் துபாயிலிருந்து அனுப்பிய ஐந்து கம்பி கிட்டாரை மூன்று நாளைக்கு முன்புதான் கையில் எடுத்திருந்தான்.

"கை பழகிட்டா மிக்கேலு?"

"கிட்டாருதாங்க்கா எனக்குப் பழகணும். கழுத்து அகலமா இருக்கேன்னு ஒரு மணி நேரம் விரலை இழுத்து வாசிச்சேன். ஒவ்வொரு விரல்லயும் புதுசா ஒரு கணு முளைச்சிட்டு. எண்ணிப் பாருங்க."

டிரம்ஸ் இசக்கி கையைப் பிடித்து எண்ணினான். "மூணுதானவே இருக்கு."

"முந்தி ரெண்டுல்லா இருந்துச்சு."

அதோடு விட்டானா? "மேல அந்தத் தடிக் கம்பி இருக்குல்லா, அதை லேசாத் தட்டினேன். உப்பளத்துல பாத்தித் தண்ணி அம்புட்டும் அந்த நிமிசமே உப்பாப் பூத்துட்டு. கங்காணி ஓடி வந்து, 'இன்னும் நாலு பாத்தி கிடக்கு, ஒரு தட்டு தட்டுங்க அண்ணாச்சி'ன்னு நிக்கான்."

"நேத்து நல்ல மழைல்லா?" என்றான் இசக்கி.

"அதை நிப்பாட்டுனது யாருவே? அடுத்த தட்டுல துறைமுகத்துல நின்ன கப்பலு கயித்தை அறுத்துக்கிட்டுக் கொழும்புக்குப் போயிட்டு. பொறவு பாட்டைப் பின்னாலருந்து வாசிச்சுத்தான் திரும்பக் கொண்டாந்தேன்."

எமல்டாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பயம் விடவில்லை. இருபது வருஷம் நாலு கம்பியில் வாசித்த பழக்கத்தில் இவன் கை மேல்கம்பியைத்தான் முதலில் தேடும். அங்கே இப்போது இருப்பது தடிக் கம்பி. மேடையில் மாற்றித் தட்டினால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

"அந்தக் கம்பியை இப்ப ஒரு தட்டு தட்டு, கேப்போம்."

"வேண்டாங்க்கா, கோயில் சுவரு தாங்காது."

அவளே உறையைத் திறந்தாள். முறுக்காணி ஐந்து இருந்தது, கம்பி நாலுதான். தடிக் கம்பி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கை குழம்புகிறது என்று பயல் கழற்றிவிட்டான்.

மிக்கேல்ராஜ் அசரவில்லை. "கொடியேத்துற கயிறு அறுந்துட்டுன்னு சாமியாரு கண்ணைக் கசக்குனாருக்கா. மனசு கேக்கல, கழட்டிக் குடுத்துட்டேன்."

நாலே கம்பி என்றால் இவன் கை தவறாது என்று எமல்டாவுக்கு அப்போதுதான் நிம்மதியானது.

"புண்ணியமாப் போகும். கொடி இறக்குன பொறவும் அது அங்கயே கிடக்கட்டும். திரும்ப மாட்டுனேன்னு வையி, நான் வேற ஆளு பாத்துக்கிடுவேன்."