ஏழு லீவர் பூட்டு

"இந்தப் பூட்டு என் உயிரை வாங்குது டீச்சர்!"

மரியசெல்வம் கம்பியை மேஜையில் வீசினார்.

சாவியில்லாமல் பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் திண்டுக்கல்காரர்கள் நாலைந்து பேர். அவர்களுக்கு கௌசர் பானுதான் குரு. மரியசெல்வத்தைவிட வயதில் இளையவர். பொறுமை என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

உள்ளே ஏழு லீவர் தகடுகள். ஒவ்வொன்றையும் கம்பியால் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும்.

"கொஞ்சம் நகருது டீச்சர். அப்புறம் கல்லு மாதிரி நிக்குது."

"நின்னதும் என்ன பண்றீங்க?"

"இன்னும் அழுத்துறேன்."

"எத்தனை வாட்டிண்ணே சொல்றது? அது திறக்கிற மாதிரி ஏமாத்து. செஞ்சவன் வேணும்னே வச்சது. அழுத்தாதீங்க, கையைத் தளர்த்துங்க."

"தளர்த்தினா இதுவரைக்கும் தூக்கி வச்சது மொத்தமும் விழுந்துருமே!"

"விழட்டும்."

"நல்லாச் சொன்னீங்க போங்க!"

மரியசெல்வத்தின் போன் அடித்தது. மனைவி ரெஜினா. நேற்று மாலை அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்ட மகள் இன்னும் திறக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

மரியசெல்வம் எழுந்தார். கம்பிகளை அள்ளிப் பையில் திணித்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"அந்தக் கதவுலயும் லீவர் பூட்டுதான். திறந்துடுறேன்."

"ஆள் உள்ள இருக்கிற பூட்டுல கை வைக்கக் கூடாது. முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

"என் வீடு! என் பொண்ணு!"

"பொண்ணை என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. கோயம்புத்தூர் மாப்பிள்ளை வேணாம், கல்யாணமே வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னா. நேத்து போட்டோவைப் பாத்துட்டு, ஆளு பரவால்லப்பான்னா. கொஞ்சம் அசைஞ்சுட்டாளேன்னு…"

"அசைஞ்சதும்?"

"வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயம்னு…"

மரியசெல்வம் பையை மேஜையில் வைத்தார்.

அங்கே கிடந்த பூட்டைப் பார்த்தார். கௌசர் பானு ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

மரியசெல்வம் போனை எடுத்தார்.

"ரெஜினா, வெள்ளிக்கிழமை நிச்சயம் இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்கு நானே சொல்லிக்கிறேன். நீ கதவுகிட்டப் போய்ச் சொல்லு… வேண்டாம், நானே வந்து சொல்றேன்."

ரெஜினாவின் அலறல் கௌசர் பானுவுக்கும் கேட்டது.

"இவ்வளவு தூரம் பேசி வச்சது மொத்தமும் போயிருமேங்க!"

கம்பிப் பையை மேஜையிலேயே விட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே மரியசெல்வம் படியிறங்கினார்.

"போகட்டும்."