இசக்கி பரிமாறிய சாப்பாடு

ஆவுடையப்பரின் தோட்டத்துப் பங்களாவில் சமையலும் காவலும் இசக்கிதான். ஒரு மத்தியானம் முதலாளி சுவரில் இருந்த பெட்டியைக் காட்டிக் கத்தினார்.

"பேட்டரி நிறைஞ்சதும் இந்த சார்ஜ் கன்ட்ரோலர் கரண்ட நிறுத்திருதாமே! என் வெயிலு, என் சோலார் பேனல். நிறுத்த இது யாருல? கழத்திப் போடு. முடியாதுன்னா வேலைய விட்டுப் போ."

"சரி முதலாளி. முதல்ல சாப்புடுங்க," என்றான் இசக்கி.

இலையில் சோறு போட்டான். அவர் போதும் என்ற பிறகும் போட்டுக்கொண்டே இருந்தான்.

"போதும்னேன்லா! வயிறு வெடிச்சிரும்ல!"

"உங்க சோறு, உங்க இலை. நிறுத்த நான் யாரு முதலாளி?"

ஆவுடையப்பர் இலையைக் கையால் மறைத்தார்.

"உங்களுக்கு வாய் இருக்கு, போதும்னு சொல்லுதீக. பேட்டரிக்கு வாய் இல்ல. அதுக்குப் பதிலா அந்தப் பெட்டிதான் போதும்னு சொல்லுது."

முதலாளி பெட்டியைப் பார்த்தார். குவிந்து கிடந்த சோற்றைப் பார்த்தார்.

"அது அங்கேயே இருக்கட்டும். நீ மொதல்ல கரண்டியக் கீழ வை."