மயிலாத்தா திருப்பிக் கொடுத்த தூக்கு

ஒரு ஊர்ல ஒரு கிணறு இருந்துச்சு கண்ணு. மயிலாத்தாங்கறவளோட கிணறு, தண்ணி இளநி மாதிரி இனிக்கும். அப்புறம் பக்கத்துல நாச்சிமுத்துன்னு ஒருத்தன் சாயப்பட்டறை போட்டான். கழிவை எல்லாம் குழாய் வெச்சுக் குபுகுபுன்னு ஓடையில விட்டான். கிணறு செக்கச்செவேல்னு ஆயிருச்சு. அவ எருமை கருவாச்சி வாளியில மூஞ்சி வெச்சுது, புஸ்ஸுன்னு சீறிட்டுத் திரும்பிக்கிச்சு. மடி வத்திப்போச்சு. அந்தப் பால்தான் அவளுக்குச் சோறு.

"ம்."

அப்புறம் அவ பட்டறைக்கே போய்க் கேட்டா. அவன் சிரிச்சான். "தீபாவளிக்கு ஊட்டுக்கு ஊடு எவர்சில்வர் தூக்குல முறுக்குக் குடுத்தனே, பத்தலையா? கிணத்தை எனக்கு வித்துட்டுப் போ!"

அந்தச் சிரிப்பை அவ மறக்கல. மறக்கவும் கூடாது.

தேத்தாங்கொட்டை உரசிக் கலக்குனா. சேறு அடங்குச்சு, சிவப்பு போகல. அப்புறம் மணலும் கரியும் போட்டு வடிகட்டுனா. ரெண்டு குடம் தெளிஞ்சுது, மூணாவது மறுபடி சிவப்பு. அப்போ காலேஜ்ல படிக்கிற அண்ணன் மக சுகந்தி ஒரு கறுப்புப் பொடி கொண்டாந்தா.

"இது இரும்புல செஞ்சது அத்தை. ஒவ்வொரு துகளும் கண்ணுக்கே தெரியாத அளவு பொடிசு. சாயத்தை இழுத்து மேல ஒட்டிக்கும்."

தொட்டியில போட்டுக் களக் களக்குன்னு கலக்குனாங்க. அப்புறம் ரேடியோ செட்டுக்காரர்கிட்ட வாங்குன பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஓரமா வெச்சாங்க. சர்ர்ருன்னு கறுப்பெல்லாம் ஓடியாந்து அப்பிக்கிச்சு. தண்ணி பளிங்கு! சுகந்தி காலேஜ்ல சோதிச்சுப் பாத்துட்டு வந்து "சரி"ன்னா. கருவாச்சி மடக் மடக்குன்னு குடிச்சுது.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

சேதி தெரிஞ்சு நாச்சிமுத்து வந்தான். "அப்புறமென்ன? நான் ஊத்தறேன், நீ தினம் சுத்தம் பண்ணிக்க"ன்னான்.

பாரு அந்தத் திமிரை! மயிலாத்தா பல்லைக் கடிச்சா. காந்தத்துல ஒட்டுன சகதியை வழிச்சு வழிச்சு, அவன் குடுத்த தூக்குலயே சேத்தா. ஊர்ப் பொம்பளைங்களும் பொடி வாங்கி அப்படியே செஞ்சாங்க.

அவன் மக கல்யாணம் வந்துச்சு. பந்தி நடக்கறப்போ நாப்பது தூக்கு வாசல்ல டங்கு டங்குன்னு உக்காந்துச்சு.

"என்னடி இது?"

"தூக்கை வெறுமனே திருப்பித் தரக்கூடாதுங்களே மொதலாளி. எல்லாம் உங்க பட்டறைச் சாயந்தானுங்க."

மூடியைத் திறந்தான். "இத்தனையும் நான் எங்க கொண்டுபோய்க் கொட்டறது?"ன்னு கத்துனான்.

பந்தியே திரும்பிப் பாத்துச்சு. சம்பந்திதான் இலையை மடக்கிட்டு எந்திரிச்சாரு. "இத்தனை நாள் எங்கீங்க கொட்டுனீங்க?"

பொழுது சாயறதுக்குள்ள ஓடைக்குழாய்க்கு மூடி விழுந்துச்சு. மன்னிச்சாளான்னு கேக்காத. அவன் ஊருக்குக் குடுத்ததுல மிச்சமிருந்த நாப்பத்தோராவது தூக்கை, குழாய் மறுபடி திறந்தா ரொப்பறதுக்குன்னு இன்னமும் பரண்ல காலியா வெச்சிருக்கா.

கதை தூக்குக்குள்ள அடங்கிருச்சு, நீ போர்வைக்குள்ள அடங்கு.