கடைசியில் அடிக்கும் கண்

ஆவுடையப்பன் சாரிடம் கேள்வி கேட்கிறவன் கொஞ்சம் யோசித்துத்தான் கேட்க வேண்டும். வாயால் பதில் சொல்கிற பழக்கம் அந்த மனுஷனுக்குக் குறைவு. தாணுலிங்கம் யோசிக்காமல் கேட்டுவிட்டான். வயிறு எரிகிறவனுக்கு யோசிக்க நேரம் ஏது?

"எனக்கு என்ன சார் குறை?"

நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் சாருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். மற்ற இடங்களில் கடிதம் அடிக்கச் சொல்லித் தருவார்கள். சார் படம் அடிக்கவும் சொல்லித் தருவார். பேனா கிடையாது, பென்சில் கிடையாது. எல்லாம் எழுத்துதான். தலைமுடியின் இருட்டுக்கு 'ஜ'வும் 'ண'வும் ஒன்றின் மேல் ஒன்றாக. தாடையின் நிழலுக்கு 'ப'. கன்னத்துக்கு வெறும் புள்ளி. வெளிச்சம் விழுகிற நெற்றிக்கு அதுவும் வேண்டாம், ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். கிட்டே நின்று பார்த்தால் எழுத்துக் குப்பை. தள்ளி நின்றால் ஆள் தெரிவான்.

"இது நான் கண்டுபிடிச்ச வித்தை இல்லடே" என்பார் சார். "அந்தக் காலத்துப் புலவன் பாட்டெழுத்தைப் பாம்பு மாதிரி சுத்தி வச்சான், தேர் மாதிரி அடுக்கி வச்சான். டைப்ரைட்டர் வந்ததும் குமாஸ்தா மேலதிகாரிக்குத் தெரியாம பூ அடிச்சான். தந்தி ஆபீஸ்காரன் டெலிபிரிண்டர்ல படம் அனுப்பினான். இப்போ கம்ப்யூட்டர்னு ஒண்ணு வருதாம். அதுலயும் இதைத்தான் பண்ணுதானுவ. எழுத்தைக் கையில கொடுத்தா மனுஷன் சும்மா இருக்க மாட்டான்."

அந்த இன்ஸ்டிடியூட்டில் ஒரு வழக்கம் உண்டு. சிற்பி சிலைக்குக் கண்ணைக் கடைசியில் திறக்கிற மாதிரி, இங்கே கண்ணைக் கடைசியில்தான் அடிக்க வேண்டும். கண் இருக்கும் இடத்தை வெள்ளையாக விட்டுவிட்டு முகம் முழுவதையும் முடிக்க வேண்டும். பிறகு உருளையைப் பின்னால் திருப்பிக் கண் வரிக்கு வர வேண்டும். அதற்கு முன்னால் கண்ணைத் தொட்டால் சார் தாளைக் கிழித்துவிடுவார்.

அந்த வருஷம் சாருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. காலை வகுப்புக்கு ஓர் உதவி ஆசிரியர் வேண்டும் என்றார்.

"தினமும் பார்க்கிற ஒரு முகத்தை அடியுங்க. எது இந்தச் சுவத்துல ஏறுதோ, அதை அடிச்சவங்களுக்கு நாற்காலி."

தாணுலிங்கம் அந்த நாற்காலியில் மனத்தளவில் எப்போதோ உட்கார்ந்தாயிற்று. பெண் பார்க்கப் போன இடத்திலும் மாப்பிள்ளை வாத்தியார் வேலையில் இருக்கிறார் என்று சொல்லியாயிற்று. இத்தனை வருஷமாக மெஷினுக்கு எண்ணெய் போட்டு, ரிப்பன் மாற்றி, சார் வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்தவன் அவன். இல்லை என்று யாரால் சொல்லிவிட முடியும்?

ஜெபக்கனி வந்தாள். அதுதான் கெட்டது.

பக்கத்து மெஷின் அவளுக்கு. வந்த புதிதில் தாளை உருளையில் நேராக ஏற்றக்கூடத் தெரியாது. இப்போது அவள் அடித்த ஆட்டுக்குட்டியைப் பார்த்து மருந்துக்கடைக்காரரே மாடியேறி வந்துவிட்டுப் போகிறார். தாணுலிங்கம் அடித்த கப்பலைப் பார்க்க யாரும் ஏறி வரவில்லை. அவள் விரல் ஓடும் சத்தம் கேட்டால் அவனுக்குக் காது எரியும். அவள் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தோன்றும். தன் மெஷினில் கை இருக்கும், கண் மட்டும் அவள் மெஷினில் இருக்கும். அதனால் பிழை வரும். பிழை வந்தால் அதற்கும் அவள் மேல்தான் கோபம்.

முகம் அடிக்கச் சொன்ன நாளிலிருந்து அவள் எழுந்து போகும்போதெல்லாம் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டுப் போனாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் அன்று காலையில் தன் படத்தை எடுத்துக்கொண்டு சார் முன்னால் போய் நின்று கேட்டான். அவன் அடித்திருந்தது சாருடைய முகத்தையேதான். ஆள் கெட்டிக்காரன்.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. என்னைவிட அழகா இருக்கேன்."

"அப்புறம் என்ன சார்? எனக்கு என்ன குறை? அவகிட்ட இருக்கிறது எது என்கிட்ட இல்ல?"

சார் தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினார். சொரசொரவென்று இருந்தது. புள்ளி விழுந்த இடமெல்லாம் ஊசி குத்தின மாதிரி ஓட்டை.

"தாள் மேல என்னடே இவ்வளவு கோபம்?"

"சார், நான் கேட்டதுக்குப் பதில்?"

"வரும். போய் உட்காரு."

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். தாணுலிங்கம் பசிக்கவில்லை என்றான். படியில் காலடிச் சத்தம் இறங்கி ஓய்ந்ததும் பக்கத்து மெஷினின் துணியைத் தூக்கினான்.

உருளைக்கு மேலே கொஞ்சம் தாள் தெரிந்தது. ஒரே எழுத்து. எதுவும் பிடிபடவில்லை. தாளை வெளியே உருவித் தூரத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். உருவினால் மறுபடி அதே வரியில் உட்கார வைக்க முடியாது, மாட்டிக்கொள்வான். ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. வரியின் நடுவில் இரண்டு வெள்ளை இடங்கள். முகத்தை முடித்துவிட்டாள். உருளையைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கண் மட்டும்தான் பாக்கி.

யார் முகம்? அவளுடைய அம்மாவாக இருக்கும். இல்லை, சார் முகமாகவே இருக்கும், சண்டாளி.

முதல் வெள்ளையின் வலது ஓரம் வரும்படி உருளையை நகர்த்தி 'ண' அடித்தான். பேக் ஸ்பேஸ். அதன் மேலேயே 'ஜ'. பேக் ஸ்பேஸ். அதன் மேல் புள்ளி, ஓங்கி. நடுவில் இருக்க வேண்டிய கருவிழி ஓரத்துக்குப் போய்விட்டது. ஒரு கண் மட்டும் என்றால் எப்படியாவது சமாளித்துவிடுவாள். இரண்டாவது வெள்ளையிலும் அதே வலது ஓரத்தில் அடித்தான். யார் முகமோ, இனி அது திருட்டு முழி முழிக்கும். சுவரில் ஏறட்டும் பார்க்கலாம்.

துணியைப் போட்டு மூடினான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது.

ஜெபக்கனி வந்து துணியை எடுத்தாள். பிறகு தாளை உருவிக்கொண்டு நேரே சாரிடம் போனாள். அவள் என்ன சொன்னாள் என்று தாணுலிங்கத்துக்குக் கேட்கவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை.

சார் அந்தத் தாளைக் கொண்டுபோய் எதிர்ச் சுவரில் குத்தினார். எல்லாரையும் இந்தப் பக்கம், ஜன்னலோரமாக நிற்கச் சொன்னார்.

"பாருங்க."

சிரிப்பு வெடித்தது.

"ஐயோ! அச்சு அசல் தாணு அண்ணன்!"

"அந்த முழியைப் பாரேன்! இப்படித்தான் எந்நேரமும் கனி மெஷினைப் பார்த்துட்டு இருப்பாரு!"

"கண்ணுலதான் உயிரே இருக்கு."

தாணுலிங்கம் பார்த்தான். அவனுடைய மூக்கு. அவனுடைய காது மடல். நெற்றியில் விழுகிற அவனுடைய முடி. எல்லாம் அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு அழகாக இருந்தது. கண் மட்டும் ஓரத்துக்கு ஓடி, பக்கத்தில் இருப்பவளிடம் எதையோ திருடப் பார்த்தது.

"கனி, கண்ணை எப்படி அடிச்சே?" என்றார் சார்.

"கண்ணு நான் அடிக்கல சார்."

சிரிப்பு நின்றது.

"கண்ணுக்கு இடம் விட்டு வச்சிருந்தேன். முதல் நாள் எனக்குத் தாள் ஏத்தத் தெரியாம நின்னப்போ அண்ணன்தான் ஏத்திக் கொடுத்தாங்க. அதனாலதான் அவங்க முகம். ஆனா கண்ணு மட்டும் எனக்கு வரவே இல்ல. அவங்க நேராப் பார்த்து நான் பார்த்ததே இல்லையே. சாப்பிட்டு வந்து ஒரு நிமிஷம் என்னைப் பார்க்கச் சொல்லலாம்னு இருந்தேன்."

சார் தாளைச் சுவரிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். முகம் முழுவதும் இருட்டாக இருந்தது. இரண்டு கருவிழியிலும் மட்டும் ஓட்டை வழியாக வெயில் வந்தது. அந்த இன்ஸ்டிடியூட்டில் தாளில் ஓட்டை விழ அடிக்கிற கை ஒன்றுதான் உண்டு. எல்லாருக்கும் தெரியும். ஜெபக்கனிக்கும் தெரியும்.

அவள் தன் மெஷினில் போய் உட்கார்ந்து புதுத் தாள் ஏற்றினாள்.

"திரும்ப அடிச்சிடுறேன் சார். அண்ணே, கண்ணு வர்றப்போ கூப்பிடுறேன். அப்போ மட்டும் கொஞ்சம் நேராப் பாருங்க."

தாணுலிங்கத்துக்குத் தலை நிமிரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அண்ணே என்றல்லவா கூப்பிட்டுவிட்டாள்.

சார் மறுபடியும் தாளைக் கொண்டுபோய்ச் சுவரில் குத்தினார். முதலில் இருந்த அதே இடம். படியேறி வருகிற எவன் கண்ணிலும் படுகிற இடம்.

எல்லாரும் அவரவர் மெஷினுக்குப் போனார்கள். சத்தம் தொடங்கியது. தாணுலிங்கம் மட்டும் சார் மேஜையருகே நின்றான்.

"நாற்காலி அவளுக்குத்தான் சார். எனக்குத் தெரியும்."

"ம்."

"அந்தத் தாளை மட்டும் எடுத்துடுங்க சார். கிழிச்சுப் போட்டுடலாம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"காலையில என்ன குறைன்னு கேட்டே. மத்தியானம் நீயே பதிலை அடிச்சு வச்சே. இப்போ அதைக் கிழிச்சுட்டு, நாளைக்குக் காலையில வந்து மறுபடியும் கேட்கப் போறியாடே?"