கொண்டையனின் பாதிக் கூடு

கோரைக்குளத்தின் கரையில் ஒரு கருவேல மரம் இருந்தது. அந்த மரத்தில் கொண்டையன் என்று ஒரு தூக்கணாங்குருவி வாழ்ந்தான். மழைக்காலம் நெருங்கினால் ஆண் தூக்கணாங்குருவிகளுக்குத் தலை மஞ்சளாகிவிடும். கொண்டையனுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் மஞ்சள். அவனுடைய பெருமையும் அவனுக்கு வந்த வினையும் அந்த மஞ்சளில்தான் தொடங்கின.

அந்தக் குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி முதலில் பாதிக் கூடுதான் கட்டும். மேலே கூரை, நடுவில் உட்கார ஒரு குறுக்குக் கயிறு, அவ்வளவுதான். பிறகு பெண் குருவி பார்க்க வரும். கயிற்றில் உட்கார்ந்து ஆடும். கூடு பின்னிய புல் நாரை இழுத்துப் பார்க்கும். "இங்கே தளர்ச்சி, அங்கே கோணல்" என்று சொல்லும். அதையெல்லாம் திருத்தி, அவளுக்கும் பிடித்துப்போனால், மீதிப் பாதியை அதன் பிறகுதான் கட்டி முடிப்பார்கள்.

போன வருஷம் கொண்டையன் இந்த வழக்கத்தைக் காற்றில் பறக்கவிட்டான்.

"பாதியை விட்டு வெச்சாத்தானே குத்தம் சொல்வாங்க? முழுசாக் கட்டி முடிச்சிட்டா வாயை மூடிக்கிட்டு உள்ளே வந்து உட்கார வேண்டியதுதானே!" என்று அவனுக்குத் தோன்றியது. உடனே அடிமரத்தில் குடியிருந்த ஓணான் மாமாவிடம் யோசனை கேட்கப் போனான்.

"மாமா! முழுக் கூட்டையும் நானே கட்டிடலாம்னு இருக்கேன். நல்ல யோசனைதானே?"

ஓணான் மாமா தலையை ஆட்டினார்.

"மேற்குக் கிளையில கட்டினா, சாயங்கால வெயில் என் கொண்டையில பட்டு மின்னும். சரிதானே மாமா?"

மாமா இன்னும் வேகமாக ஆட்டினார். கொண்டையனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கூடு முடிந்த அன்றைக்கே தினை வந்தாள். பேச்சு சுருக்கமான, கண் கூர்மையான பெண் குருவி அவள். எத்தனையோ கூடுகளைத் தாண்டி அவள் நேராகத் தன்னிடம் வந்ததைப் பார்த்ததும் கொண்டையனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நிமிஷமே அவன் மனசு அவளிடம் போய்விட்டது.

தினை கூட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா மழைக்காத்து மேற்கேயிருந்துதான் அடிக்கும். கிழக்குக் கிளைக்கு மாத்திக்கலாமா?"

மாற்றுவதா! கட்டி முடித்த கூட்டையா! கொண்டையனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இந்தக் குளமே என் கூட்டைப் பார்த்து வாயைப் பிளக்குது! நீ ஒருத்திதான் குத்தம் கண்டுபிடிக்கிறே! பிடிக்கலேன்னா வேற கூடு பாரு!"

"சரி" என்றாள் தினை. பறந்தாள். அந்தக் குளத்தையே விட்டு அடுத்த குளத்துக்குப் போய்விட்டாள்.

குளமே வாயைப் பிளந்தது என்றான் அல்லவா? அந்தக் குளம் மொத்தமும் ஓணான் மாமா ஒருவர்தான்.

மழை வந்தது. மேற்கேயிருந்துதான் வந்தது. கூட்டின் வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, வெளியே போக வழி தெரியாமல் அங்கேயே தங்கியது. கொண்டையன் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தான்.

அந்த வழியாகப் போன கொக்கு நின்று கேட்டது. "என்னப்பா, வீட்டுக்குள்ளயே நனையறே?"

"தினம் குளிச்சா உடம்புக்கு நல்லது!" என்றான் கொண்டையன். சொல்லி முடிப்பதற்குள் தும்மல் வந்துவிட்டது.

மழைக்காலம் முடிந்ததும் எல்லா ஆண் குருவிகளுக்கும் போல அவனுக்கும் மஞ்சள் உதிர்ந்தது. குளத்துத் தண்ணீரில் எட்டிப் பார்த்தான். பழுப்பாக ஒரு சாதாரணக் குருவி அவனை எட்டிப் பார்த்தது.

"அடேய் கொண்டையா! கொண்டையும் போச்சு, கூடும் போச்சு. இனிமே உன்கிட்ட மிச்சம் இருக்கிறது வாய் ஒண்ணுதான். அதையும் அன்னைக்கே மூடியிருந்தா அவளாவது மிஞ்சியிருப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்த வருஷம் முழுக்க அவனுக்கு அவள் நினைப்புதான். வயலில் நெல் பொறுக்கும்போது பக்கத்தில் ஒரு பெண் குருவி இறங்கினால் அவளோ என்று திரும்பிப் பார்ப்பான். அவளில்லை என்று தெரிந்ததும், நெல்லைத்தான் பார்த்தேன் என்பதுபோல ஒரு மணியைக் கொத்துவான். பாதி நேரம் அது கல்லாக இருக்கும்.

மறுபடி மேகம் கூடியது. ஒரு கூட்டம் குருவிகள் கோரைக்குளத்துக்கு வந்து நாணலில் இறங்கின. அதில் ஒருத்தி தனியாகப் பிரிந்து கருவேல மரத்துக்கு வந்தாள். தினையேதான்!

கொண்டையனுக்கு அப்போதுதான் மஞ்சள் ஏற ஆரம்பித்திருந்தது. தலையில் அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம், திட்டுத் திட்டாக. இந்தக் கோலத்திலா அவள் கண்ணில் பட வேண்டும் என்று நொந்துபோனான்.

"சௌக்கியமா?" என்றாள் தினை. "மஞ்சள் இன்னும் முழுசா ஏறலையா?"

"போன வருஷம் தலைக்கு ரொம்ப ஏறிடுச்சு. இந்த வருஷம் கொஞ்சம் நிதானமா ஏறட்டும்னு விட்டிருக்கேன்."

தினை சிரித்துவிட்டாள். கொண்டையனுக்கு ஒரு வருஷத்துப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

"நான் ரொம்ப நாள் இருக்கமாட்டேன். எனக்கு ஒரு கூடு அமையணும். அமையலேன்னா கூட்டத்தோட மலையடிவாரத்துக்குப் போயிடுவேன். அப்புறம் இந்தப் பக்கம் வர்றதா இல்ல" என்றாள் அவள்.

"நான் ஒண்ணு கட்டறேன். வந்து பார்ப்பியா?"

"பார்க்கறேன்."

கொண்டையன் பம்பரமாகச் சுழன்றான். இந்தத் தடவை கிழக்குக் கிளை. அதில் மட்டும் புத்தி வந்திருந்தது. மற்றபடி பழைய கொண்டையன்தான். "அவ வாயில குத்தம்ங்கற சொல்லே வரக்கூடாது!" என்று முடிவு செய்து, கூரையோடு நிற்காமல், அறை கட்டினான், முட்டைக்குப் படுக்கை போட்டான், நீளமாக வாசல் இறக்கினான். ஈரமண்ணைக் குழைத்து அதில் கருவேலம் பூக்களை ஒட்டி வைத்தான். போன வருஷம் கர்வத்தில் செய்த அதே தப்பை இந்த வருஷம் ஆசையில் செய்தான்.

"நல்லா இருக்கா மாமா?"

ஓணான் மாமா ஆட்டினார்.

"இதுக்கு மேல அவ என்ன கேட்டுடப் போறா, இல்லையா மாமா?"

அதற்கும் ஆட்டினார்.

கடைசிப் பூவை ஒட்டியபோது கரையோரப் புல்லெல்லாம் முற்றத் தொடங்கியிருந்தது. புல் முற்றிவிட்டால் நார் உரியாது. நார் இல்லையென்றால், எவ்வளவு ஆசை இருந்தாலும் அந்த வருஷத்துக்குக் கூடு கிடையாது.

தினை வந்தாள். கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாரை இழுத்துப் பார்த்தாள். உள்ளே போனாள், வெளியே வந்தாள்.

"கிளையை மாத்திட்டே."

"நீ சொன்னதுதான்!"

"நார் இறுக்கமா இருக்கு. வாசல் நல்ல நீளம். குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல."

கொண்டையன் கிளையிலேயே குதித்தான். "அப்ப வர்றியா?"

"இல்ல."

"குத்தமே இல்லைங்கறே! வரவும் மாட்டேங்கறே!"

"எல்லாத்தையும் நீயே கட்டி முடிச்சிட்டியே, கொண்டையா. இதுல எனக்கு என்ன வேலை இருக்கு? விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துட்டுப் போறதா?"

தினை தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்.

"அடுத்த குளத்துல ஒருத்தன் இருந்தான். நான் எது சொன்னாலும் சரிம்பான். வாசலைத் திருப்புன்னா திருப்புவான். ஒருநாள் அவசரத்துல, இலை விழுந்த கிளை ஒண்ணைக் காட்டி, இங்க கட்டலாம்னேன். பட்டுப்போன கிளைன்னு எனக்குத்தான் தெரியல. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சும் சரின்னான். கிளை ஒடிஞ்சு கூடு தண்ணியில போச்சு. நல்லவேளை, முட்டை வைக்கல."

"அய்யோ!"

"நான் சொன்னா நீ கேட்கவே மாட்டே. அவன் எல்லாத்தையும் கேட்டுத் தொலைச்சான். தேடிப் பிடிச்சு ரெண்டு பேர்கிட்டயும் போய் நின்னேன் பாரு, என் சாமர்த்தியத்தை நான்தான் மெச்சிக்கணும்." அவளும் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. "சாயங்காலம் கூட்டம் கிளம்புது. வர்றேன்" என்று நாணல் பக்கம் போய்விட்டாள்.

கொண்டையன் விழுந்தடித்துக்கொண்டு அடிமரத்துக்கு வந்தான்.

"மாமா! நல்ல யோசனைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மாமா தலையை ஆட்டினார்.

"அப்ப நான் புத்திசாலிதானே?"

ஆட்டினார்.

கொண்டையனுக்குச் சந்தேகம் தட்டியது. "இல்ல மாமா, நான் முட்டாளா?"

அதே வேகத்தில், அதே அழகோடு, அதற்கும் ஆட்டினார்.

"மாமா! நீங்க என் கூட்டைப் பார்த்தீங்களா இல்லையா?"

ஓணான் மாமா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "எந்தக் கூடு மாப்ளே? நான் எறும்பைப் பார்த்துக்கிட்டிருந்தேன். இந்தத் தலை தானா ஆடும். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்."

கொண்டையன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "ஒரு ஓணானோட கழுத்துப் பழக்கத்தை ஊர்ப் பாராட்டுன்னு நம்பி, குடும்பத்தையே இழந்தவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்!" சிரிக்கச் சிரிக்க அவனுக்குக் கண் கலங்கியது.

நாணலில் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. கூட்டம் கிளம்பத் தயாராகிவிட்டது.

கொண்டையன் கூட்டுக்குப் பறந்தான். அதன் வாசலை அலகால் கவ்வி இழுத்தான். பிரிக்கிற கூட்டை மறுபடி கட்டப் புல் கிடைக்குமோ கிடைக்காதோ, அவனுக்கே தெரியாது. அவள் வராவிட்டால் இருக்கிற கூடும் போய்விடும். அது தெரிந்தும் இழுத்தான். வாசல் தண்ணீரில் விழுந்தது. படுக்கை விழுந்தது. பூவெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் கூரையும் குறுக்குக் கயிறும் மட்டும் காற்றில் ஆடின.

கூட்டம் தலைக்கு மேலே எழும்பியது. பெண்ணை அழைக்கப் பாடுகிற பாட்டு ஒன்று ஒவ்வோர் ஆண் குருவிக்கும் உண்டு. கொண்டையன் அதை நாள் முழுக்கப் பாடிப் பழகி வைத்திருந்தான். அந்த நேரத்தில் அதில் ஒரு அடிகூட ஞாபகம் வரவில்லை.

"தினை! பாதிதான் இருக்கு! மீதி எப்படிக் கட்டறதுன்னு எனக்குத் தெரியல! வந்து சொல்லிட்டுப் போ!" என்று கத்தினான்.

கூட்டத்திலிருந்து ஒரு குருவி வளைந்து திரும்பியது. மற்றவை மலைப்பக்கம் போய்க்கொண்டே இருந்தன. தினை வந்து குறுக்குக் கயிற்றில் உட்கார்ந்தாள். முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தாள்.

"வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம்னு இருக்கே?"

"தெற்கே."

"தப்பு!" என்றாள் தினை.

பழைய கோபம் சுர்ரென்று தொண்டை வரைக்கும் வந்தது. கொண்டையன் அதைக் கடித்து விழுங்கினான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காரணம் கேட்டான்.

"ஏன்?"

அவள் காரணம் சொன்னாள். அவன் கேட்டான். கேட்டுவிட்டு, "அது சரி, ஆனா நீ சொல்ற பக்கம் கிளை தாழ்வா இருக்கு. காக்கா உட்கார்ந்து எட்டிப் பார்க்கும்" என்றான். தினை திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். "அப்ப கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்போம்" என்றாள். "எவ்வளவு தள்ளி?" என்றான் அவன். அங்கே ஆரம்பித்த வாக்குவாதம் மழைத்துளி விழும்வரை ஓயவில்லை. கீழே ஓணான் மாமா இருவருக்கும் சேர்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் இருவருமாகத் தேடி, குளத்தின் நிழல் பக்கத்தில் முற்றாத புல் கொஞ்சம் கண்டுபிடித்தார்கள். கொஞ்சம்தான் கிடைத்தது. அதனால் வாசல் குட்டையாகிவிட்டது. கூடும் ஒரு பக்கம் சாய்ந்துதான் தொங்கியது. பார்த்துவிட்டுப் போன கொக்கு அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

பெருமழை வந்தபோது தினை உள்ளே முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். வாசலோரம் கொண்டையன் உட்கார்ந்திருந்தான். முட்டைகள் நனையவில்லை. கூரையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒழுகியது. அந்தச் சொட்டு சரியாகக் கொண்டையனின் மஞ்சள் தலையில் விழுந்தது. அந்த இடத்தை முடைந்தது நீயா நானா என்று அவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தன்னிடம் குறை சொல்ல அடுத்தவருக்கு இடம் விட்டு வைக்கிறவனுக்குத்தான் கூடவே இருக்க ஒரு துணை அமையும்.