ராஜாவின் ஒன்பது கழல்கள்

மார்கழி பதினேழாம் நாள், காலை ஐந்து நாழிகை. வேங்கைமலை நாட்டை முன்னொரு காலம் ஆண்ட இளவேட்டன் என்ற ராஜாவின் கால்களில் அன்று ஒன்பது வீரக்கழல்கள் இருந்தன. வலக்காலில் ஐந்து, இடக்காலில் நான்கு. வென்ற ஒவ்வொரு போருக்கும் ஒன்று. பூட்டிய கழலை உயிருள்ளவரை கழற்றுவதில்லை என்பது அந்த நாட்டு வழக்கம். கழல் கலகலத்தால் ராஜாவின் கால் நடுங்குகிறது என்று எதிரி நினைப்பானாம். அதனால் இடுக்கில் துணி திணித்துச் சத்தமில்லாமல் இறுக்கிவிடுவார்கள். கொலுவீற்றிருக்கும்போது ராஜாவின் பாதம் தரையில் படாமல் தொங்கவேண்டும் என்றும் விதி.

மூன்று வருஷமாக அவர் பாதம் சில்லிட்டே கிடந்தது. முந்தின நாள் அதில் ஒரு கொப்புளமும் வந்துவிட்டது. தினமும் அந்தப் பாதத்தைக் கழுவித் துடைக்கும் மாராயியைப் பிடித்து வந்து சபையில் நிறுத்தினார் வில்லவராயர். சபைச் சடங்குகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர்.

"இவள் கைதான் மன்னா, சூனியக் கை. தொட்ட இடம் மரத்துப்போகிறது."

"தணல் சட்டியைக் காலடியில வைக்கச் சொன்னது நீங்கதானே, சாமி?" என்றாள் மாராயி. "சூடு உறைக்காத காலுக்குத் தணல் ஆகாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

"வாயைப் பாருங்கள் இவளுக்கு!"

ராஜாவுக்கு வலியைவிட பயம் அதிகமாக இருந்தது. "என் கால் எனக்கே பிணத்தின் கால்போல இருக்கிறது. யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நாளை உச்சிவேளையில் இவள் வலக்கையை வெட்டுங்கள்" என்றார்.

வில்லவராயர் மந்திரி தத்தர் பக்கம் திரும்பினார். அந்தப் பதவிமேல் அவருக்கு நெடுநாளாகக் கண். "என்ன மந்திரியாரே, நீங்கள் பார்த்து வைத்த ஆள்தானே?"

"நான் வைத்த ஆள்தான்" என்றார் தத்தர்.

மாலையில் அவர் சிறைக்குப் போனார்.

"எந்தக் கால் அம்மா அதிகம் சில்லிடுகிறது?"

"வலது, ஐயா. கழலுக்கு மேல கெண்டைக்கால் கதகதன்னு இருக்கும். கீழ நீலம் பாஞ்சு கிடக்கும்."

"ராஜாவிடம் சொன்னாயா?"

"கழலைக் குத்தம் சொன்னா கையோடயா விடுவாங்க? தலையில்ல போகும்!"

தத்தருக்குச் சுருக்கென்றது. ஒன்பது கழலையும் பூட்டும்போது பக்கத்தில் நின்று வாழ்த்தியவர் அவர். கழலைக் குறை சொல்வது வெற்றியைக் குறை சொல்வது. அதனால்தான் அவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை சபை கூடியதும் தத்தர் எழுந்தார். "மன்னா, சூனியம்தானா என்று சோதித்துவிடுவோம். மறைந்த உங்கள் தந்தையாரின் ஒன்பது கழல்கள் கருவூலத்தில் இருக்கின்றன. வீரர் ஒருவர் அவற்றைப் பூட்டிக்கொண்டு, உங்களைப்போலவே காலைத் தொங்கவிட்டு உச்சிவேளைவரை உட்காரட்டும். மாராயியோ சிறையில் இருக்கிறாள். அவள் கை படாத அந்தக் கால் கதகதப்பாக இருந்தால், குற்றம் அவளுடையதுதான்."

"யார் உட்காருவது?"

"அந்தப் பெருமைக்கு வில்லவராயரைவிட்டால் வேறு யார் மன்னா?"

வில்லவராயர் பூரித்துப்போனார். ராஜாவுக்கு எதிரே, ராஜாவின் ஆசனத்தின் உயரத்திலேயே அவருக்கும் ஓர் ஆசனம் போட்டார்கள். பொற்கொல்லரிடம் அவரே சொன்னார்: "சத்தம் வரக்கூடாது. நன்றாக இறுக்கு!"

இரண்டு நாழிகை கம்பீரமாக இருந்தார். பிறகு நெளிய ஆரம்பித்தார். உச்சிவேளை நெருங்கியபோது வெட்டுக்கத்தியோடு ஆள் வந்து வாசலில் நின்றான்.

"கால் எப்படி இருக்கிறது?" என்று ராஜா கேட்டார்.

"கொதிக்கிறது மன்னா!"

"கண்ணை மூடும்." ராஜா இறங்கி வந்து, குனிந்து, வில்லவராயரின் வலக்கால் பெருவிரலை அழுத்திப் பிடித்தார். "எந்த விரலைப் பிடித்திருக்கிறேன்?"

வில்லவராயர் யோசித்தார். "சுண்டுவிரல்."

ராஜா பிடித்த பெருவிரலை விடவில்லை. தன் பாதத்தில் தெரியும் அதே சில்லிப்பு இப்போது அவர் கைக்குத் தெரிந்தது.

"தத்தரே, உமக்கு இது தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை?"

"பயம், மன்னா. என் தலை எனக்குப் பெரிதாக இருந்தது. அவள் கை போகும் என்றானபோதுதான் வெட்கம் வந்தது."

"கத்தியை அனுப்பிவிடுங்கள். பொற்கொல்லரைக் கூப்பிடுங்கள். மாராயியையும்."

ராஜாவின் ஒன்பது கழலையும் அறுத்தெடுக்க ஒரு நாழிகை ஆனது. அடியில் தோல் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தது. மாராயி வெந்நீரில் முழங்கையை விட்டுப் பார்த்து, பச்சைத் தண்ணீர் கலந்து, ராஜாவின் காலைக் கழுவினாள். கொப்புளத்தில் கை படாமல், விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, கம்பளித்துணி சுற்றினாள்.

"காலைத் தொங்கப்போட்டு ஒரே இடத்துல உக்காராதீங்க, ராசா. கொப்புளம் ஆறட்டும். அப்புறம் தினமும் கொஞ்சம் நடங்க. அதுக்கும் சில்லிப்பு விடலேன்னா வேற கோளாறு இருக்கும், வைத்தியர்தான் பாக்கணும்."

எதிர் ஆசனத்தில் வில்லவராயரால் எழுந்திருக்க முடியவில்லை. அவருடைய கழல்களையும் அறுத்த பிறகு காலில் ஆயிரம் ஊசி குத்தியது.

"சூனியக் கை என்றீரே" என்றார் ராஜா. "அதே கை உம் காலுக்கும் வேண்டுமானால், அவளிடமே கேளும்."

வில்லவராயர் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா..." என்றார்.

"கொண்டாங்க சாமி, காலை" என்றாள் மாராயி.

அன்றே கழல் இறுக்கும் வழக்கம் ஒழிந்தது. சடங்குத் தலைவர் பதவி வில்லவராயரை விட்டுப் போனது. அரண்மனை நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பு மாராயிக்கு வந்தது. மந்திரி பதவியைத் தத்தர் திருப்பிக் கொடுத்தார், ராஜா வாங்கவில்லை.

அடுத்த வருஷம் மார்கழி பதினேழாம் நாள் காலை, ராஜா கோட்டையை இரண்டு சுற்று நடந்து வந்தார். காலில் ஒரே ஒரு கழல், தளர்வாகக் கலகலத்தது. வெந்நீர்ச் செம்போடு மாராயி வாசலில் நின்றாள். செம்பு அவள் வலக்கையில் இருந்தது.